கட்டும் கடப்பாடும்

சட்டத்துக்காக நல்லவனாக நடப்பதும் நன்மைக்காகவே நல்லவனாக நடப்பதும் ஒன்றா? ஒழுக்கவியலாளரை நெடுங்காலமாக ஈர்த்துவரும் இவ்வினாவுக்கு விடை காண மெய்யியல் நூல்களை மட்டுமே நாட வேண்டும் என்பதில்லை. பாரவூர்தியின் தட்டில் இரும்பைக் கட்டும் தொழிலாளியின் கையிலும் அதே வினா தங்கியிருக்கின்றது.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் ஏ14 நெடுஞ்சாலை முருங்கனை ஊடறுத்துச் செல்கின்றது. கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் வயல்கள் சூழ்ந்த இப்பகுதியில் அச்சாலை பாரவூர்திகளுக்கு மட்டும் உரியதன்று. உழவு இயந்திரங்களும் துவிச்சக்கர வண்டிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் அதனையே நாடுகின்றனர். 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதச் சேவை 2015இல் மீண்டது. 2020இல் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டது. அக்காற்றாலை ஒவ்வொன்றின் சுழலியும் 126 மீற்றர் விட்டமுடையது. இத்தகைய பெரும் பாரங்களை நகர்த்தத் தனி ஊர்திகளும் பொறியியலாளர் கணிப்பும் உண்டு. ஒழுக்க வினா கூர்மையடைவது அங்கன்று. வீடு கட்டக் கம்பியும், கூரைக்குக் குழாயும், ஆலைக்குப் பழைய பொறியும் ஏற்றிவரும் சாதாரண லொறியிலேயாகும்.

உருக்கு எளிதில் அடங்கும் பாரமன்று. 6 மீற்றர் நீளக் குழாய் சிறிய லொறியின் தட்டுக்கு வெளியே நீளும். வளைந்த சட்டகம் எப்பக்கமும் ஒழுங்காகப் படியாது. எண்ணெய் பட்ட இரும்பு இரும்பின்மேல் வழுக்கும். கூரிய விளிம்பு தன்னைக் கட்டிய வாரையே அறுக்கும். மேலால் இழுத்துக் கட்டிய கயிறு பாரத்தைப் பிடித்துவைப்பதாகத் தோன்றினும், அது உண்மையிற் செய்வது பாரத்தைத் தட்டோடு அழுத்தி உராய்வைப் பெருக்குவதே. சாரதி திடீரெனத் தடுப்பை அழுத்தும்போது ஊர்தி நிற்கும். உராய்வு போதாதெனின் இரும்பு நிற்காது. ஆகவேதான் ஐரோப்பிய நியமங்களும் அமெரிக்க விதிகளும், முன்னோக்கி நிறையின் 80 சதவீதத்துக்கும் பக்கவாட்டில் 50 சதவீதத்துக்கும் ஈடான விசையைத் தாங்குமாறு பாரம் கட்டப்பட வேண்டும் என்கின்றன. இலங்கையில் வீதிப் போக்குவரத்தை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஆளுகின்றது.

விதி இருக்குமிடத்தில் அதனைச் சோதிப்போரும் இருப்பர். சோதிப்பவர் காண்பது எதனை? கயிறுகளின் எண்ணிக்கையை, சங்கிலியின் தடிப்பை, பின்னே நீண்ட கம்பியின் நுனியிற் கட்டிய சிவப்புத் துணியை. அடியில் வைத்த கட்டை நழுவுமா, நடுவிலுள்ள கம்பிகள் உருவி வெளிவருமா என்பன அவர் பார்வைக்கு எளிதில் அகப்படா. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மூன்று கயிறுகளை இட்டு, தாங்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டவனும் சோதனையில் தேறிவிடலாம். அவன் கட்டியது பாரத்தையன்று, சோதிப்பவரின் கண்ணையே.

ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், கடமைக்கு இணங்கச் செய்வதையும் கடமையுணர்வினாற் செய்வதையும் வேறுபடுத்தினார். விலையறியாத வாடிக்கையாளரையும் ஏமாற்றாத வணிகன், தன் வணிகம் செழிக்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு நடப்பின், அச்செயலுக்கு ஒழுக்கப் பெறுமதி இல்லை என்பது அவர் கருத்து. இதற்கு மறுப்பும் எழும். நோக்கம் யாதாயினும் கட்டு இறுகியிருந்தாற் போதாதா? வீதியிற் செல்லும் பிள்ளைக்கு வேண்டியது கட்டியவனின் மனத்தூய்மையா, நழுவாத இரும்பா?

இம்மறுப்பு வலிமையுடையது, ஆயினும் காலத்தை மறந்தது. புறப்படும்போது இறுகியிருந்த கட்டு அவ்வாறே இருப்பதில்லை. குலுங்குந்தோறும் பாரம் படியும். படியுந்தோறும் கயிறு தளரும். சில கிலோமீற்றர் சென்றபின் இறங்கிப் பார்த்து மீண்டும் இறுக்க வேண்டும். சோதனைக்காகக் கட்டியவனுக்குச் சோதனையைக் கடந்ததும் கடமை முடிந்துவிடுகின்றது. பின்னால் வருபவருக்காகக் கட்டியவனுக்குப் பாரத்தை இறக்கும்வரை அது முடிவதில்லை. நோக்கத்தின் வேறுபாடு மனத்துக்குள் மட்டும் அடங்கி நிற்பதன்று. நெடுவழியில் அது கயிற்றிலும் வெளிப்படும்.

இதனால் விதி வேண்டாததாகிவிடாது. நல்லெண்ணம் மட்டும் இரும்பின் நிறையை அளக்கமாட்டாது. பலமுறை விபத்தின்றிச் சென்றுவந்தவன் தன் அனுபவத்தை அளவுக்கு மீறி நம்பத் தலைப்படுவான். மயிற்பீலியும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் காட்டினார். பீலிக்கே அளவு வேண்டுமாயின் உருக்குக்குக் கூறவேண்டியதில்லை. முன்னர் நேர்ந்த இழப்புகளைப் பின்வருவோர் மறவாதிருக்கச் செய்வது விதி. மனச்சாட்சி விதிக்கு மாற்றாகாது. விதி காணாத இடத்தைக் காண்பதே அதன் பணி.

பழியனைத்தையும் கட்டியவன்மேற் சுமத்துவதும் நீதியாகாது. நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவனுக்கு, நிறுத்தி இறங்கிப் பார்க்கும் கால்மணி நேரமும் வருமான இழப்பே. விரைந்து வருமாறு பணிக்கும் உரிமையாளருக்கும், குறைந்த வாடகையை மட்டும் தேடும் கொள்வனவாளருக்கும், சிவப்புத் துணியைக் கண்டதும் போகவிடும் சோதனையாளருக்கும் அக்கட்டின் தளர்வில் பங்குண்டு.

சோதிப்பவர் வீதியில் நிற்பது தமக்காக அன்று. கட்டைத் தொட்டுப் பார்க்க இயலாது, அதனை நம்பி லொறியின் பின்னே செல்லும் முகமறியாத மனிதருக்காகவே அவர் நிற்கின்றார். அம்மனிதரை மறந்து அவருடைய பிரதிநிதியை மட்டும் திருப்திசெய்வது சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் பொருளை இழப்பதாகும். எவரும் சோதிக்காத வீதியோரத்திலும் இறங்கிக் கயிற்றின் இறுக்கத்தைப் பார்ப்பவனிடத்தில் சட்டமும் அறமும் ஒன்றாகின்றன.