தளர்த்துகிறவர் காட்ட வேண்டிய கணக்கு

திருவையாற்றிலிருந்து அரியலூர் சாலையில் வடக்கே போனால் சற்று நேரத்தில் கொள்ளிடப் பாலம் வந்துவிடும். பாலத்தைத் தாண்டினால் திருமானூர். இக்கரை தஞ்சாவூர் மாவட்டம். இங்கே புதிதாக எண்ணெய்க் கிணறோ எரிவாயுக் கிணறோ தோண்டக் கூடாது என்று 2020 முதல் சட்டமே இருக்கிறது. அக்கரை அரியலூர் மாவட்டம். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. இரண்டு கரைக்கும் அடியில் கிடப்பது ஒரே ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும்தான். 2021 ஜூனில் அரியலூர் மாவட்டத்தில் 10 கிணறுகள், கடலூர் மாவட்டத்தில் 5 கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி விண்ணப்பித்தது. அப்போதுதான் பதவியேற்றிருந்த திமுக அரசு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அக்கரைக்குக் கிடைத்தது ஓர் அரசின் மனம். இக்கரைக்குக் கிடைத்திருப்பது சட்டம். மனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். சட்டமும் மாறலாமா? மாறலாம் என்றால், எந்த நியாயத்தின் பேரில்?

காவிரிப் படுகையின் கதையைப் பார்த்தால், மாற்றம் கட்சிக்குக் கட்சி மட்டும் நடக்கவில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு, 2011 ஜனவரியில் அன்றைய திமுக அரசு ஒரு தனியார் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. நிலக்கரிப் படுகையில் மீத்தேனைப் பிடித்துவைத்திருப்பது நீரின் அழுத்தம். அந்த நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்து வெளியேற்றினால்தான் வாயு மேலே வரும். நீரை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திருக்காட்டுப்பள்ளி அருகே இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கத்து அத்திவெட்டியில் காலமானார். அந்த ஆண்டே ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. 2015-ல் முழுவதுமாகக் கைவிட்டது. ஆனால் அதே அதிமுக ஆட்சிதான் 2017-ல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலமாக அறிவித்தது. 2020-ல் அதை ரத்து செய்ததும் அதே ஆட்சிதான்.

2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு தேடும் பணிகளை அது வேறு பிரிவுக்கு மாற்றியது. அதனால் அந்தப் பணிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய கட்டாயம் போயிற்று. டெல்டா கொதித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை; பிப்ரவரி 9 அன்று தலைவாசலில் முதல்வர் பழனிசாமி, டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆகும் என்றார். பிப்ரவரி 20 அன்று சட்டம் நிறைவேறியது. திருச்சியும் கரூரும் அரியலூரும் விடுபட்டதைச் சுட்டிக்காட்டி, மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னது திமுக. அது நடக்காததால் வெளிநடப்பு செய்தது. பிறகு ஆட்சிக்கு வந்த திமுக 2023-ல் செய்த திருத்தம், புதிதாகப் பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்த்தது. அன்று சுட்டிக்காட்டிய மூன்று மாவட்டங்கள் அப்போதும் வெளியேதான் நின்றன.

சுற்றுச்சூழலை அரசியலுக்கு அப்பால் வைக்க வேண்டும் என்று சொல்வோர் நிறையப் பேர். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் டெல்டாவுக்குக் கிடைத்த ஒரே காப்பு அரசியலிலிருந்துதான் வந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டே இருந்த நேரம்; எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-ல் சனங்கள் வீதியில் உட்கார்ந்திருந்ததை எந்தக் கட்சியும் மறந்திருக்கவில்லை. வாக்குக்குப் பயப்படாத அரசாக இருந்தால் அந்தச் சட்டமே வந்திருக்காது. ஆகவே முந்தைய அரசு வைத்த விதியைத் தொடவே கூடாது என்று வாதிட முடியாது. மக்கள் ஒரு அரசை மாற்றுவதே சில விதிகளை மாற்றத்தான்.

ஆனால் இறுக்குவதும் தளர்த்துவதும் ஒரே எடையுள்ள செயல்கள் அல்ல. நியூசிலாந்தில் 2018-ல் ஒரு அரசு கடலில் புதிதாக எண்ணெய் தேட அனுமதி தருவதைத் தடை செய்தது. 2025-ல் வேறொரு அரசு அந்தத் தடையை நீக்கியது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் வருமானம் போயிருக்கலாம், வேலை போயிருக்கலாம். அவை உண்மையான இழப்புகள். ஆனால் கடலுக்கு அடியில் இருந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மன்னார்குடியில் ஏழு ஆண்டுகள் நீரை இறைத்த பிறகு வேறொரு அரசு வந்து தடை போட்டிருந்தால், இறைத்த நீர் திரும்பி வந்திருக்குமா? நிலத்தடி நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் ஏறினால், அதை எந்தச் சட்டமன்றத் தீர்மானம் இறக்கும்? தவறான தடையை அடுத்த தேர்தல் திருத்திவிடும். தவறான அனுமதியைத் திருத்த அடுத்த தேர்தலால் ஆகாது. ஆகவே தளர்த்த வரும் அரசு காட்ட வேண்டிய கணக்கு பெரியது. ‘மக்கள் எங்களுக்கு வாக்களித்தார்கள்’ என்ற ஒரு வரி அதற்குப் போதாது. அன்று வாக்களித்தவர்களோடு, பிறக்காத பிள்ளைகளும் அந்த மண்ணில்தான் சோறு தேட வேண்டும்.

இறுக்குகிறவருக்குக் கணக்கே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. டெல்டாவில் எல்லோரும் நிலம் உள்ளவர்கள் அல்ல. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர் உண்டு. சொந்தமாக ஒரு குழிகூட இல்லாமல் நாற்று நட்டுக் கூலி வாங்குகிறவர் உண்டு. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அந்தக் கூலியும் குறைந்து, திருப்பூருக்குப் போன பிள்ளைகள் உண்டு. இங்கே தொழிற்சாலை வேண்டாம் என்று சட்டம் போடும் அரசு, அந்தப் பிள்ளைகளுக்கு எங்கே வேலை என்பதையும் சொல்லக் கடன்பட்டிருக்கிறது. பெயரிலேயே ‘மேம்பாடு’ என்ற சொல்லை வைத்திருக்கும் இந்த வேளாண் மண்டலச் சட்டம், தடைப்பட்டியலோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அந்தத் தடைப்பட்டியலும் முழுமையானது அல்ல என்பதைத் திருவையாறே கண்டது. 2023 ஜனவரியில் புறவழிச்சாலைப் பணிக்காக, நெல் விளைந்துகொண்டிருந்த சம்பா வயலில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி இயந்திரத்தால் நிரவினார்கள். ஒரு பக்கம் பச்சை, நடுவில் மண் மேடு, அதற்கு அந்தப் பக்கமும் பச்சை. அறுப்புக்குச் சில வாரம் பொறுக்கக் கூடாதா என்று விவசாயிகள் கேட்டார்கள். திருவையாற்றுத் தெருக்கள் குறுகலானவை. தியாகராஜர் ஆராதனை நாளில் பேருந்து திரும்ப இடமிருக்காது. புறவழிச்சாலைக்குத் தேவை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் விளைநிலத்தைக் காக்கவென்றே வந்த சட்டத்தால் அந்த வயலுக்கு ஒரு பயனும் இல்லை. சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை, மின்சாரம் போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. தாமிர உருக்காலையைத் தடுக்கும் சட்டம் தார்ச்சாலையைத் தடுக்காது.

அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த இரண்டு காரியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிய நிலக்கரித் துறையின் ஏலப் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்றும் இருந்தன. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், எதிர்க்கட்சிகளும் சேர்ந்துகொண்டன, தமிழக பாஜகவும் கேட்டது, சில நாட்களிலேயே மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. அதே மாதம் 21-ஆம் தேதி, பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், நில ஒருங்கிணைப்பு மசோதா விவாதமில்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் வரும் சிறப்புத் திட்டங்களுக்குள் ஏரியோ வாய்க்காலோ இருந்தால், அவற்றையும் திட்டத்தோடு ஒன்றிணைக்க வழி செய்யும் சட்டம் அது. வடசேரியைக் காத்த அரசும் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசும் ஒன்றே. அனைவரும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மண் தப்பித்தது. பேச்சே எழாத இடத்தில் காவல் தளர்ந்தது.

எந்த ஆட்சி வந்தாலும் கை வைக்கக் கூடாதது ஒன்று உண்டென்றால், அது பாதிக்கப்படப் போகிறவரைக் கேட்கும் கட்டாயம்தான். தடையின் அளவு, விலக்கின் அளவு, மாவட்ட எல்லை எல்லாம் மாறட்டும். கேட்ட பிறகு மாறட்டும். 2025 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஓஎன்ஜிசிக்கு அனுமதி தந்தது. 2020 ஜனவரி அறிவிக்கை இருப்பதால் அங்கே கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியிருக்கவில்லை. செய்தி ஆகஸ்டில் வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு தமிழக அரசு அதே ஆணையத்திடம் சொன்னது. வேண்டாம் என்று சொல்லவும், இன்ன நிபந்தனையோடு வரட்டும் என்று சொல்லவும் அந்த ஊர்களுக்கு இருந்திருக்க வேண்டிய கூட்டத்தை நடத்தியிருந்தால், ஐந்து மாதம் கழித்து யாரும் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வருகிற எந்தக் கட்சியும் டெல்லியிடம் முதலில் கேட்டுப் பெற வேண்டியது அந்தக் கூட்டத்தைத்தான்.