கவுன்டர் முன்னால் ஏன் குறுகி நிற்கிறாய்?

கையில் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருவதாக அரசு எழுதிக் கொடுத்த உறுதி அது. அப்புறமும் மருத்துவமனைக் கவுன்டர் முன்னால் ஏன் குறுகி நிற்கிறாய் தம்பி? நீ வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் செல்பேசி ரீசார்ஜிலும் வரி போயிருக்கிறது. அந்தப் பணம்தான் சிகிச்சையாகத் திரும்பி வருகிறது. யாரும் உனக்குப் பிச்சை போடவில்லை. தலையை நிமிர்த்து!

அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம்; 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2009-லேயே மாநிலக் காப்பீடு வந்துவிட்டது. பிறகு இரண்டும் இணைந்தன. இதய அறுவைச் சிகிச்சைக்கு வீட்டை விற்க வேண்டிய குடும்பங்களைக் காப்பாற்றிய திட்டம் இது. நல்ல திட்டம். நல்லது என்பதாலேயே அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காக்க வேண்டும்.

காக்காவிட்டால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில், ஆயுஷ்மான் திட்டம் பற்றி, அரசின் கணக்கைச் சரிபார்க்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. 9999999999 என்ற ஒரே செல்பேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள்! இறந்துவிட்டதாக ஏற்கெனவே பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்கு 6.97 கோடி ரூபாய்! பயனாளியை அடையாளம் காணச் செல்பேசி எண் தேவையில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. இருக்கட்டும். “அம்மா, உங்களுக்குச் சிகிச்சை நடந்ததா? காசு வாங்கினார்களா?” என்று கேட்க எந்த எண்ணுக்குப் போன் போடுவது? ஆள் பிடிபடாத பதிவில்தான் திருட்டு ஒளிந்துகொள்ளும். உன் அட்டையில் இருப்பது உன் எண்தானா? இன்றே பார்.

தணிக்கையாளர் ஆண்டுகள் கழித்துத்தான் வருவார். படுக்கையருகே அன்றைக்கே இருப்பவன் நீ. உன்னைவிடப் பெரிய தணிக்கையாளர் இந்த நாட்டில் இல்லை!

கணக்கு எளிது. திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ் என்று ஒரு தொகை உண்டு. படுக்கை, பரிசோதனை, மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆயுஷ்மான் விதிப்படி, சேருவதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும்கூட அதில் வரும். அதே சிகிச்சைக்கு உன்னிடமும் பணம் கேட்டால் அது விதிமீறல். “அப்ரூவல் வரல” என்கிறார்களா? எப்போது அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது என்று கேள். “இது பேக்கேஜ்ல வராது” என்கிறார்களா? “அதை எழுதிக் கொடுங்கள்” என்று சொல். கத்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். எழுத்தில் கேட்டதும் பல வாய்கள் தாமாக அடங்கும். கட்டிய காசுக்கு ரசீது வாங்காமல் நகராதே. வீட்டுக்குக் கிளம்பும்போது, உன் பெயரில் எவ்வளவு தொகை கோரப்பட்டது என்றும் கேட்டு வை.

நர்ஸிடம் கோபப்படாதே, இரவெல்லாம் விழித்திருந்து உன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். உன் கேள்வி, கணக்கு எழுதுகிற மேசையிடம்.

பதில் இல்லையா? ஆயுஷ்மான் உதவி எண் 14555 இருக்கிறது, தமிழ்நாட்டில் மாநிலக் காப்பீட்டின் 1800 425 3993 இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடு. 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில். இத்தனை ஆயுதங்களையும் உறையில் வைத்துக்கொண்டு, “நம்மால் என்ன முடியும்” என்று பெருமூச்சு விடுவதை என்னால் தாங்க முடியவில்லை!

தனி ஆளாகக் கேட்கப் பயமா? ஊராகக் கேள். மலை மாநிலமான மேகாலயா 2017-லேயே சமூகத் தணிக்கைக்குத் தனிச் சட்டம் போட்டது. அரசுத் திட்டம் எப்படி நடந்தது என்று மக்களே சரிபார்க்க அங்கே வழி இருக்கிறது. நம் ஊரில் கிராம சபை இருக்கிறதே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்துக் கூடுகிறதே! அங்கே போய்த் திண்ணைக் கதை பேசிவிட்டு வந்தது போதும்.

வரும் கிராம சபைக்கு உன் அட்டையோடும் ரசீதோடும் போ. காசு கட்டி ஏமாந்த பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போ. காப்பீட்டில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எழுந்து கேள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு உட்கார்!