அளவுகாட்டியும் மனச்சான்றும்

பொய் என்பது பேசும் வாய்க்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். வாயில்லாப் பொருள்களும் பொய் சொல்வதுண்டு. அப்பொய்க்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? இவ்வினா என்னுள் எழுந்த இடம் நூலகமன்று. மெர்சிங் ஆற்றுத்துறையில் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு படகு.

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி அமைந்த ஊர் மெர்சிங். ரவா, பெசார் முதலிய தீவுகளுக்கும், பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவுக்கும் செல்வோர் இங்குப் படகேறுவர். ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. ஆகவே கடலின் ஏற்றவற்றம் பார்த்தே படகுகள் புறப்படும். ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும். அக்கடலில் இயந்திரம் நின்றால், சாலையில் கார் நின்றதுபோல் இறங்கி நடந்துவிட முடியாது.

தோட்டப் பள்ளியில் என்னிடம் பயின்ற ஒருவர், மீன்பிடிக்க விரும்புவோரை அங்கே படகில் ஏற்றிச் செல்கின்றார். ஒருநாள் அவர் என்னை அழைத்தார். “ஐயா, எண்ணெய் மீட்டருக்கு உள்ளே போடுற சாமான் புதுசா வாங்கியிருக்கேன். புத்தகம் ஆங்கிலத்துல இருக்கு. கொஞ்சம் வந்து வாசிச்சுச் சொல்றீங்களா?” என்றார். சென்றேன்.

படகின் டீசல் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கின்றது. எண்ணெய் ஏறினால் அது ஏறும்; இறங்கினால் இறங்கும். மிதவையோடு இணைந்த கம்பி அசையும்போது மின்தடை மாறுகின்றது. அம்மாற்றத்தையே முன்பலகையில் உள்ள முள் நமக்கு அளவாகக் காட்டுகின்றது. அவருடைய படகில் அக்கம்பி உப்புக்காற்றில் துருவேறி, பாதியளவில் இறுகிவிட்டது. தொட்டி நிறைந்திருந்தாலும் பாதி; வற்றியிருந்தாலும் பாதி. ஈராண்டுகளாக இதே நிலை.

“எனக்குத்தான் தெரியுமே ஐயா. அதை நான் பார்க்கிறதே இல்லை. குச்சி விட்டுத்தான் பார்ப்பேன்.”

“அப்புறம் இப்ப ஏன்பா மாத்துறே?”

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பின்னர்ச் சொன்னார். காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள், உதவிக்கு இருந்த இளைஞன் நால்வரை ஏற்றிக்கொண்டு கடலுக்குச் சென்றான். முள்ளைப் பார்த்தான், பாதி இருந்தது, நம்பினான். திரும்பும் வழியில் இயந்திரம் நின்றது. மாலை மங்கும் வேளையில் மீனவர் படகொன்று கண்டு இழுத்து வந்தது. எவருக்கும் தீங்கில்லை. “பையனை நல்லாத் திட்டிட்டேன் ஐயா. ராத்திரி படுத்தப்பதான் தோணுச்சு. மீட்டர் சரியில்லைன்னு அவன்கிட்ட நான் சொல்லவே இல்லையே.”

அவர் ஏமாற்ற எண்ணியவரல்லர். கருவிக்கோ எண்ணமே இல்லை. எனினும் ஐந்து உயிர்கள் ஒரு பொய்யை நம்பிக் கடலில் மிதந்தன. பிழை எங்கே நேர்ந்தது?

முள் பூச்சியத்தில் வீழ்ந்து கிடந்திருந்தால் அவ்விளைஞன் ஐயுற்றிருப்பான்; தொட்டியைத் திறந்து பார்த்திருப்பான். பாதியில் நின்ற முள் அந்த ஐயத்தையே எழவிடவில்லை. ஊமைக் கருவி நம்மைத் தேடவைக்கின்றது. பொய்க்கருவி தேடலை நிறுத்திவிடுகின்றது. ஆதலின் ஊமையினும் பொய்யே கொடியது.

“எனக்குத் தெரியும்” என்பது ஒருவரின் நெஞ்சுக்குள் இருக்கும் திருத்தம். முன்பலகையோ அதன் எதிரில் வந்து நிற்கும் எவரிடமும் பேசுவது. நான் அறிந்த பொய், எனக்குத் தீங்கு செய்யாமற்போகலாம்; அதனாலேயே அது பொய்யாகாமற்போவதில்லை. திருத்தக்கூடியவர் திருத்தாமல் விட்டுவைக்கும் ஒவ்வொரு நாளும், அப்பொய்யை அவரே மீண்டும் சொல்கின்றார். மனமறிந்த பொய்யை அம்மனமே பின்னர் எரிக்கும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவது, சொல்லாமல் விட்ட பொய்க்கும் பொருந்தும். அவருடைய தூக்கமற்ற இரவே அதற்குச் சான்று.

பெரிய இடங்களிலும் இதுவே நிகழ்ந்துள்ளது. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஓர் அடைப்பான் மூடாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டறை விளக்கோ, மூடுவதற்கான ஆணை சென்றதை மட்டுமே காட்டியது. பணியாளர்கள் அதனை ‘மூடிவிட்டது’ என்று பொருள் கொண்டனர். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறிக் கொண்டேயிருந்தது. ஆணையிட்டதும் அது நிறைவேறியதும் ஒன்றல்ல என்பதை அவ்விளக்கு சொல்லவில்லை.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவுக்குப் புறப்பட்ட ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தின் கதை இன்னும் துயரமானது. அதன் பழுதுற்ற எரிபொருள் அளவுகாட்டியை முதல்நாள்தான் மாற்றியிருந்தனர். மாற்றிப் பொருத்தியதோ, தொட்டி அமைப்பில் வேறுபட்ட ஏ.டி.ஆர். 42 வகைக்குரிய கருவி. அது பொருந்தியது, இயங்கியது, இல்லாத எரிபொருளை இருப்பதாகவும் காட்டியது. வானில் இரு இயந்திரங்களும் நின்றன. பலெர்மோ அருகே விமானம் கடலில் இறங்கியது. 39 பேரில் 16 பேர் உயிரிழந்தனர். பழுதை நீக்கினால் மட்டும் போதாது. அதனிடத்தில் வைப்பது மெய்யாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கை எங்கள் சிறு படகுக்கும் உரியதாயிற்று. மிதவைக் கருவிகளில் இரு முறைகள் பெருவழக்காக உள்ளன. அமெரிக்க முறையில் தொட்டி வற்றினால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறையில் வற்றினால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். ஒரு முறையின் மிதவையை மற்றொன்றின் மானியோடு இணைத்தால் முள் தலைகீழாக நடக்கும். வற்ற வற்ற நிறைவதாகக் காட்டும். புத்தகத்தை வாசித்து, மானியும் மிதவையும் ஒரே முறையைச் சேர்ந்தவை என்று உறுதி செய்துகொண்டோம். மின்கல இணைப்பைக் கழற்றி, அடித்தளத்தைக் காற்றோட விட்டு, ஐந்து திருகாணிகளை நீக்கிப் பழைய கருவியை எடுத்தார். புதியதைப் பொருத்தினார்.

அதோடு பணி முடியவில்லை. படகின் அடிப்பகுதி குறுகுவதால் தொட்டியும் கீழே குறுகியிருந்தது. பாதி உயரம் என்பது பாதிக் கொள்ளளவன்று. ஆகவே இருபது இருபது லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்குமிடத்தைக் குறித்து, ஓர் அட்டையில் எழுதி ஒட்டினோம்.

அவ்வட்டையை நான் எழுதிக் கொண்டிருந்தபோது அவர், “நல்லாப் படிச்சிருந்தா உங்களுக்கு இந்தச் சிரமம் வந்திருக்காது ஐயா” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆறாம் ஆண்டில் அவருக்கு வாசிப்புத் தடுமாற்றம் இருந்ததை நான் அறிவேன். பால்மரம் வெட்டிக் களைத்து வரும் தந்தை வருந்தக் கூடாதே என்று, மதிப்பெண் அட்டையில் ‘நன்று’ என எழுதி அனுப்பினேன். அது இரக்கம் என்று எண்ணினேன். எனக்குத்தான் உண்மை தெரியுமே, வகுப்பில் கவனித்துக் கொள்ளலாம் என்றும் எண்ணினேன். அவ்வாண்டு முடிந்தது, அவர் புகுமுக வகுப்புக்குச் சென்றார், நான் அறிந்த உண்மை என்னோடு நின்றுவிட்டது. அவருடைய தந்தையும், அடுத்து வந்த ஆசிரியர்களும், பாதியில் நின்ற அந்த முள்ளையே பார்த்தனர்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நாம் இடும் மதிப்பெண்ணும், எழுதும் சான்றிதழும், ‘நலமே’ என்று கூறும் மறுமொழியும் பிறர் நம்பிப் பயணம் செய்யும் அளவுகாட்டிகளே. அவை உள்ளிருப்பதோடு இணைந்திருத்தல் வேண்டும். இரக்கம் வேண்டாமா எனின், வேண்டும். அளவைத் திரிப்பதில் அன்று, குறைவை நிரப்புவதில். எண்ணெய் குறைந்த படகுக்கு நாம் செய்யத்தக்க அருள், எண்ணெய் ஊற்றுவதேயன்றி முள்ளை உயர்த்திப் பிடிப்பதன்று.

அன்று மாலை படகு புறப்படுமுன், புதிய முள் சரியாகவே காட்டியது. ஆயினும் அந்த இளைஞன் குச்சியை எடுத்துத் தொட்டிக்குள் விட்டு ஒருமுறை பார்த்தான். அவன் பார்த்து முடிக்கும்வரை படகுக்காரர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.