பகத்சிங்கின் தொப்பி

பகத்சிங்கின் பெயரைக் கேட்டதும் நம் மாணவர் நினைவில் முதலில் எழுவது ஒரு தொப்பியே. அரும்பு மீசையும் நேர்நோக்கும் அதன் பின்னரே வருகின்றன. ஆளவந்த வெள்ளையரைத் 'தொப்பிக்காரர்' எனச் சுட்டிய மொழி நமது மொழி. அந்த ஆட்சியை எதிர்த்துத் தூக்குமேடை ஏறியவரின் தலையில் அவர்களுடைய தொப்பி இருப்பது முறையா என மாணவர் வினவுவது இயல்பு. ஆயின், ஓர் உடையின் பொருளை அதன் பிறப்புத் தீர்மானிக்கின்றதா, அணிந்தவரின் நோக்கம் தீர்மானிக்கின்றதா?

பிறப்பைப் பார்ப்போம். உரோமத்தை ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகப் பிணைத்துச் செய்யப்படுவது பெல்ற். நெசவு காணாத துணி அது. அத்துணியாலான மென்தொப்பிகளுள் பெயர்பெற்றவை பெடோரா, திரில்பி என்பன. இரண்டும் மேடையேறிய கதைகளின் நாயகியர் பெயர்கள்! 1882 இல் பாரிஸில் அரங்கேறிய சார்தூவின் நாடகத்திலே, பெடோரா என்னும் உருசிய இளவரசியாக சாரா பேர்ணார்ட் நடித்தார். பொலிஸ் தலைவரின் மகன் கொல்லப்படுகிறான். ஐயம் புரட்சிக்காரர் மீது விழுகின்றது. கதை அங்கே தொடங்குகின்றது. உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டு ஈராண்டும் நிறையாத காலம் அது. பெண்ணுரிமை கோரியோர் இத்தொப்பியை விரும்பி அணிந்தனர். கனவான்களின் சின்னமாக அது மாறியது பின்னரே.

அக்கனவான்கள் அறியாத, அல்லது அறிய விரும்பாத, வேறொரு பொருளும் அதற்கு உண்டு. முயல் உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்புப் பயன்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் கைகள் நடுங்கின, பேச்சுக் குழறியது, புத்தி தடுமாறியது. தொப்பித் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க நகரான டான்பரியின் பெயரையே அந்நடுக்கத்துக்குச் சூட்டினர். அமெரிக்காவில் அம்முறை தடைசெய்யப்பட்டது 1941 இலேதான். கனவான் தொப்பியைக் கழற்றி வணக்கம் கூறிய வேளையில், அதைச் செய்தவனால் தேநீர்க் கோப்பையை நேராகப் பிடிக்க முடியவில்லை.

இனி லாகூருக்கு வருவோம். 1928 டிசெம்பரில் சாண்டர்ஸ் என்னும் பொலிஸ் அதிகாரி சுட்டுக்கொல்லப்பட்ட பின் நகரெங்கும் தேடுதல் நடந்தது. பகத்சிங்கோ மழித்த முகமும் கோட்டும் தொப்பியுமாக, துர்காவதி தேவி மனைவிபோலக் குழந்தையுடன் உடன்வர, கல்கத்தா நோக்கிப் புகையிரதம் ஏறினார். ராஜகுரு அவர்களின் வேலையாளாக வேடமிட்டார். தொப்பிக்கு மரியாதை செய்யப் பழகிய கண்கள் அதன் கீழிருந்த முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்சியின் வர்க்கப் பார்வையே அதன் குருட்டுத்தனமாயிற்று.

1929 ஏப்ரல் 8 ஆம் நாள் டெல்லிச் சட்டசபையில் குண்டு வீசப்பட்டது. அதற்குச் சில நாட்களின் முன், காஷ்மீரி கேற் பகுதி ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்ததே நாம் அறிந்த படம். இங்கே தொப்பி வேடமன்று. கைதாகப் போவதை அறிந்த ஒருவர், நாட்டின் கண்முன் வைப்பதற்கெனத் தாமே தேர்ந்து அமர்ந்த கோலம் அது.

பின்வந்தோர் அத்தொப்பியைக் கழற்றினர். மஞ்சள் தலைப்பாகை கட்டிய பகத்சிங் ஓவியங்களிலே பெருகினார். 2008 இல் இந்திய நாடாளுமன்ற வளாகத்தில் நிறுவிய சிலையும் தலைப்பாகையுடையதே. மாணவப் பருவத்தில் அவர் தலைப்பாகையுடன் நிற்கும் படம் உண்டு. ஆதலால் தலைப்பாகை பொய்யன்று. 1930 இல் சிறையிலிருந்து 'நான் ஏன் நாத்திகன்' என எழுதியவரை (ஜீவானந்தம் அதனைத் தமிழாக்கிச் சிறை சென்றார்) மதச்சின்னத்துள் மீண்டும் அடைப்பதுதான் பொய். தொப்பியைக் காட்டி அவரை மேனாட்டு மோகி என்பாரும் அவரைக் கேளாமலே பேசுகின்றனர்.

வன்னி மக்களுக்கு இது தூரத்து விவாதமன்று. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், பின் முல்லைத்தீவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் அமர்ந்து படங்களை ஏந்தினர். அடையாள அட்டைக்கு எடுத்தவை, பாடசாலைச் சீருடையில் எடுத்தவை, கலியாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்தவை. நிறம் மங்கியிருக்கும், கொலர் கசங்கியிருக்கும். மகனின் சட்டையை மாற்றி வரையச் சொன்ன தாயை நாம் கண்டதில்லை. வருவோரும் போவோரும் அப்படத்துக்கு வீரனின் உடையையோ குற்றவாளியின் உடையையோ மனத்தால் அணிவித்துச் செல்கின்றனர். தாயோ பெயரையும் வயதையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.