கட்டுண்டவனும் ராஜதண்டமும்

பாலாற்றைக் கடந்து மலைப்பாதையில் ஏறி, சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கங்களிலிருந்து திரள் திரளாகக் கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் தமிழ் அடியார்களுக்கு, புலிமேல் வீற்றிருக்கும் அந்தச் சிவயோகி அயல்மொழித் தெய்வமாகத் தோன்றியதே இல்லை. 1956 வரை, அம்மலை அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகாவே கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதே மலையில், சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் முகாமொன்றை, அங்கே கொண்டுபோகப்பட்ட கிராமத்தார் 'ஒர்க்‌ஷாப்' என்று குறிப்பிட்டார்கள். கைகளைப் பின்னே கட்டித் தொங்கவிட்டதையும், உடம்பில் மின்சாரம் பாய்ச்சியதையும், தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் அமைத்த நீதியரசர் சதாசிவா, சி.வி. நரசிம்மன் ஆகிய இருவர் குழுவின் முன் அவர்கள் சாட்சியமாகச் சொன்னார்கள்.

மறுதட்டில் இருக்கும் துயரத்தையும் மறக்கலாகாது. கோபிநத்தம் மக்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்து, வீரப்பனும் மனம் திரும்புவான் என்று நம்பி ஆயுதமின்றிச் சென்ற வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொலையுண்டார். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். அந்தக் காட்டுக்குள் துப்பாக்கியோடு போன காவலர்களின் அச்சமும் கோபமும் மெய்யானவை. அவர்களுக்குப் பலத்தைப் பிரயோகிக்கும் உரிமை இருந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த உரிமை எங்கிருந்து பிறக்கிறது? கைதாகாமல் எதிர்ப்பவனைப் பிடிக்கத் தேவையான வழிகளையெல்லாம் கையாளலாம் என்று சொன்ன அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவனின் உயிரைப் போக்க அது உரிமை தராது என்றும், பிடிபட்டவன் தப்பாதிருக்க வேண்டிய அளவுக்கு மேல் கட்டுப்படுத்தலாகாது என்றும் வரம்பு கட்டியது. இந்த விதிகளை வெறும் அளவுக்கணக்கு என்று எண்ணிவிடுகிறோம். என் சித்தத்துக்குப் படுவது வேறு. எதிர்ப்பு இருக்கும்வரையில்தான் பலத்துக்குத் தர்மத்தில் இடமுண்டு. எதிர்ப்பு அடங்கிய கணத்திலேயே அந்த இடம் மறைந்துபோகிறது. ஆகவே, கட்டுண்டு கிடப்பவன்மேல் விழும் அடி அளவு மீறிய ராஜதண்டம் அன்று. அது ராஜதண்டமே அன்று, பெயரை மட்டும் கடன் வாங்கிய வேறொரு வஸ்து.

அவன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லால் இன்னும் இருபது பேர் பிழைப்பார்களே என்று கேட்பவர் உண்டு. எளிதில் ஒதுக்கத் தகாத கேள்வி அது. ஆயினும் கட்டுண்டவனுக்கு ஏதேனும் தெரியுமா என்பதே அடிப்பவனுக்குத் தெரியாது. வலி பொறுக்காதவன், தெரிந்ததை மட்டுமா, கேட்பவன் விரும்பியதையெல்லாம் சொல்லுவான். கொலைபாதகரை வேந்தன் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆனால், களையெடுப்பவள் குனிந்து, ஒவ்வொரு தாளையும் கண்ணால் பார்த்து, இது நெல், இது களை என்று தெரிந்த பின்னர் அல்லவா கையை நீட்டுகிறாள்? பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று வயலில் இறங்குகிறவளை யாரும் உழத்தி என்று சொல்லமாட்டார்கள்.

அறிவுக்கு முன்னே தண்டனையை நிறுத்தும் இந்தத் தலைகீழ் முறைக்குத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வாசலும் திறந்தது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்று 1872 முதல் நம் சாட்சியச் சட்டம் காத்துவந்த விதியைத் தடாவின் 15-ஆம் பிரிவு புரட்டி, எஸ்.பி. தரத்து அதிகாரியிடம் சொன்னதை ஏற்கலாம் என்றது. அந்தச் சட்டத்தின்கீழ் இந்த மலைச்சாரல்களிலிருந்து பிடிபட்டு மைசூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில், நூற்றுக்கு மேற்பட்டோர் 2001-இல் விடுதலையானார்கள். அவர்களுள் பலர் அதற்குள் வருஷக்கணக்காகச் சிறையிலிருந்தவர்கள்.

2007 ஜனவரியில் மனித உரிமை ஆணையம், அதிரடிப்படையிடம் துன்புற்ற 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கப் பணித்தது. யுத்தமோ நெருக்கடியோ எதையும் காரணமாகக் காட்டிச் சித்திரவதையை நியாயப்படுத்தலாகாது என்று, அளவு பேச இடமே வைக்காமல் சொல்லும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையொப்பமிட்ட நம் தேசம், அதை இன்னும் உறுதிசெய்யவில்லை.