எழுத்தாளனின் அச்சம்

எழுத்தாளனை வாட்டும் ஐயங்கள் இரண்டு. ‘என் எழுத்து நன்றா?’ என்பது ஒன்று. ‘எழுத எனக்குத் தகுதியுண்டா?’ என்பது மற்றொன்று. முன்னையது கலைக்கு உரம். பின்னையது சமூகம் ஊட்டிய நஞ்சு.

1960களின் முற்பகுதியில், உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டபோது, பண்டிதர் சிலர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று எள்ளினர். அவ்வாறு எழுதியோருள் ஒருவர், யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த டொமினிக் ஜீவா. அந்த ஏச்சு எழுத்தின்மீது மட்டுமா விழுந்தது? பிறப்பின்மீதும் அன்றோ! அவர் ஒதுங்கவில்லை. 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிப் பலருக்கும் களம் அமைத்தார். தனித்து நிற்பவனின் அச்சம் தோழமையிற் கரையும்.

காங்கேசன்துறை வகுப்பறையில், தன் கட்டுரையைக் கையால் மறைக்கும் மாணவனை இன்றும் காண்கின்றோம். பிழைகளைப் பின்னர்த் திருத்தலாம். எழுதும் உரிமை அவனுக்கும் உண்டென்பதை முதலிற் சொல்வோம்.