கிணறும் பெயர்ப்பலகையும்

ஒரு தொழிலகம் தான் இருக்கும் தெருவுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? கடன்பட்டிருந்தால் அதை எதைக் கொண்டு அடைப்பது? பெரிய கொம்பனிகளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவற்றுக்கென்று சமூகப் பொறுப்புப் பிரிவுகள் இருக்கின்றன. பளபளக்கும் ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன. நான் கேட்பது ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகங்களைப் பற்றி. அவற்றிலும் இணையத்தளம் வடிவமைத்துக் கொடுக்கும் அலுவலகங்களைப் பற்றி.

ஆசிரியர் கலாசாலையில் பயின்று, கிழக்கிலே ஒரு கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நான் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த பிள்ளைகளில் சிலர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். உயர்தரம் எழுதி, சில மாதங்கள் கணினி வகுப்புக்குப் போய், கல்முனையில் இரவு பஸ் ஏறி விடியற்காலையில் கொழும்பில் இறங்கியவர்கள். கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அவர்களைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் கீழே புடைவைக் கடை, நகைக் கடை, சாப்பாட்டுக் கடை. ஒடுங்கிய படிகளில் ஏறினால் மேலே ஓர் அறை. ஒரு சுவரோரம் மேசைகள், மூலையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல், யன்னலுக்கு வெளியே கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை. கொட்டாஞ்சேனையில் அச்சகங்களும் அழைப்பிதழ்க் கடைகளும் உள்ள தெருக்களிலும் இதே மாதிரி அறைகளைக் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, எங்கள் ஊர்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்று நாலு திசையிலிருந்தும் வந்தவர்கள் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவனின் தொலைபேசி அழைப்பைப் பக்கத்து மேசைக்காரன் எடுத்துப் பேசுகிறான். நமது பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கின்ற ஒரு நாட்டில், இந்தச் சிறிய அறைகள் நாம் கவனிக்காத ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

அந்த அறைகளில் ஒன்றிலே நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தின் உரிமையாளர் நல்ல மனிதர். ஒரு நலன்புரிச் சங்கத்துக்கு இலவசமாக இணையத்தளம் அமைத்துத் தருவதாக மேடையில் வாக்களித்தார். வாக்களித்தவர் அவர், மூன்று வாரம் இரவு பதினொரு மணி வரை இருந்து அதைச் செய்து முடித்தவன் என் பழைய மாணவன். மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு இல்லை. திறப்பு விழாவில் உரிமையாளருக்குப் பொன்னாடையும் நினைவுச் சின்னமும் கிடைத்தன. அந்தப் படம் அலுவலகத்தின் இணையத்தளத்திலே, சமூகப்பணி என்ற தலைப்பின் கீழ் ஏறியது.

“சேர், பொஸ் செஞ்சது தர்மம். நான் செஞ்சது ஓவர்டைம். சல்லி மட்டும்தான் வரல்ல” என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

நான் சிரிக்கவில்லை. அந்த நன்மை யாருடைய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தின்படி பார்த்தால் விடை எளிது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவு வேண்டும் என்கிறது. மார்க்கத்தின்படி பார்த்தாலும் விடை எளிதுதான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழியை நம் மிம்பர்களில் கேட்காதவர் யார்? ஆனால் வியர்வை தெரியாத வேலை இது. குளிரூட்டிய அறையில், திரைக்கு முன்னால் இருந்து செய்யும் வேலைக்கு வியர்வை எங்கே என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. கண் சிவந்திருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

அல்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் 36ஆம் வசனம், நாம் யாருக்கெல்லாம் நன்மை செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. உறவுக்கார அண்டை வீட்டாரையும் அந்நிய அண்டை வீட்டாரையும் சொன்ன பிறகு, பக்கத்தில் இருக்கும் தோழரையும் அது தனியே குறிப்பிடுகிறது. இவர் யார் என்பதற்கு விரிவுரையாளர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். பிரயாணத்தில் கூட வருபவர் என்றும், வாழ்க்கைத் துணை என்றும், தொழிலில் உடனிருப்பவர் என்றும் கொள்ளலாம். பக்கத்து மேசைக்காரனுக்கு இதைவிடத் தெளிவான இடம் வேறெங்கு வேண்டும்? ஓர் அலுவலகத்தின் சமூகப்பணி படியிறங்கித் தெருவுக்குப் போகுமுன் அந்த மேசையைக் கடந்துதான் போக வேண்டும். தன் பணத்தையும் தன் நேரத்தையும் கொடுப்பது தர்மம். இன்னொருவனின் இரவுகளை எடுத்துக் கொடுப்பதற்கு வேறு பெயர்.

இனி, தெருவுக்குப் பட்ட கடனுக்கு வருவோம். “நான் வாடகை கட்டுகிறேன், வரி கட்டுகிறேன், எனக்கு யாரும் இலவசமாக ஒன்றும் தரவில்லை” என்று ஓர் உரிமையாளர் சொல்லக்கூடும். மற்றத் தொழில்களில் இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கடினம். இந்தத் தொழிலில் கடினமே இல்லை. உலகளாவிய வலையை ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலே டிம் பேர்னர்ஸ் லீ 1989இல் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த ஆய்வுகூடம் அதைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. அன்றிலிருந்து யாரும் யாருக்கும் உரிமைக் கட்டணம் செலுத்தாமல் ஓர் இணையப் பக்கத்தை எழுதலாம். 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள், முகம் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பு. நம்மூர்ச் சிறிய அலுவலகங்கள் பலவற்றின் சோறு அதிலிருந்துதான் வருகிறது. இவர்கள் விற்பது தங்கள் திறமையை. அந்தத் திறமைக்குத் தண்ணீர் வந்தது பொதுக் கிணற்றிலிருந்து.

மதீனாவின் ரூமா கிணற்றை நாம் எல்லோரும் அறிவோம். தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட அந்தக் கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். இந்த வரலாற்றில் என்னை நிறுத்திவைக்கும் செய்தி ஒன்றுண்டு. கிணற்றை வாங்குபவருடைய வாளி, ஏனையோரின் வாளிகளைப் போலவே அதில் இறங்கும் என்பதும் அங்கே சொல்லப்பட்டது. கொடுத்தவருக்குத் தனி வாளி இல்லை, முன்வரிசை இல்லை.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதா, மறைவாகச் செய்வதா என்பது பழைய விவாதம். அல்பகராவின் 271ஆம் வசனம் வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லது என்கிறது. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை அதைவிடச் சிறந்தது என்கிறது. காட்டிக் கொடுப்பதே பிழைப்பாக உள்ள தொழிலில் இந்த விவாதம் கூர்மையடைகிறது. இணையத்தளம் என்பதே காட்சிக்கு வைப்பதுதான். செய்ததைச் சொன்னால்தானே மற்றவர்களும் செய்வார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கிணற்றையும் பெயர்ப்பலகையையும் பிரித்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் அவிழும் என்பது என் எண்ணம். கிணறு எல்லோருக்கும் தெரியும்படி திறந்தே இருக்க வேண்டும். மறைத்து வைத்த கிணற்றால் யாருக்குப் பயன்? பலகைதான் விவாதத்துக்குரியது. செய்வதைக் கொடை என்று எண்ணும்போது மனம் பலகையைத் தேடுகிறது. கடன் என்று எண்ணினால் தேடாது. கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது பொன்னாடை எதிர்பார்ப்பவர் உண்டா? கடனை எழுதி வைக்கும்படி மார்க்கம் சொல்கிறது. படம் பிடித்து வைக்கும்படி சொல்லவில்லை.

இதற்கு நம் கண்முன்னே உதாரணங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் கரையோர ஊர்களில் யார் எந்த முகாமில் இருக்கிறார், யார் காணாமற் போனார், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் இருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் கொழும்பில் மென்பொருள் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் கூடி, இவற்றைப் பதிந்து தேடுவதற்கு ஒரு மென்பொருளை எழுதினார்கள். நிவாரணம் என்ற பொருள்படும் ‘சஹானா’ என்ற சிங்களச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். லங்கா மென்பொருள் மன்றம் அதை வளர்த்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. 2005இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அதே மென்பொருள் அங்கும் பயன்பட்டது. சமூகப் பயன் தரும் திட்டங்களுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது. நாங்கள் அப்போது கூடாரத்துக்குள் இருந்தோம். எழுதியவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கிணறு தெரிந்தது, அது போதும்.

இன்னொன்று 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலின் நினைவோடு, இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி எடுத்து இலவசமாக வாசிக்க வைத்தவர்கள் தன்னார்வலர்கள். கொழும்பில் அதன் அலுவலகம் வெள்ளவத்தையிலே இயங்கியது. நம் முஸ்லிம் எழுத்தாளர்கள் கைக்காசு போட்டு வெளியிட்டு, இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன சிற்றேடுகளும் அங்கே கிடைக்கின்றன. நம் வீட்டு அலுமாரியில் கறையான் தின்றதை இன்னொருவர் வீட்டு உழைப்பு காப்பாற்றி வைத்திருக்கிறது. இணையம் வருமுன்பே இந்த மரபு நம்மிடம் இருந்தது. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’, கொழும்புக்கு இடம்பெயர்ந்த பின் ஸ்ரீ கதிரேசன் வீதியில் ஒரு சிறிய இடத்திலிருந்து வந்தது. அந்த அலுவலகம் சமூகப்பணி என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை. அதன் அன்றாட வேலையே சமூகப்பணியாக இருந்தது.

இப்போது நமக்கே உரிய வேதனை ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயம் தாக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் நம் பெயர்களைத் தாங்கியிருந்தார்கள். மே மாதம் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதன் பிறகு நம்மவர் செய்த உதவிகளில் ஒரு நடுக்கம் கலந்துவிட்டது. குடிநீர்ப் போத்தல் கொடுத்தாலும், இரத்ததானம் செய்தாலும், பதாகை ஒன்று முன்னால் நிற்க வேண்டும் என்ற அவசரம் வந்தது. பாருங்கள், நாங்கள் நல்லவர்கள் என்று சொல்ல வேண்டிய அவசரம். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பயந்தவன் விளக்கைக் கூடுதலாகத்தான் ஏற்றுவான். எனினும் நன்மை நற்சான்றிதழாக மாறும்போது, உதவி பெறுபவர் அண்டை வீட்டுக்காரராக இருப்பதில்லை, சாட்சியாகிவிடுகிறார். சாட்சிக்காகச் செய்யப்படும் உதவி, வழக்கு முடிந்ததும் நின்றுவிடும். அந்த மேல்மாடி அறையில் ஜும்ஆ நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பேசுகிற பையன் எந்தச் சான்றிதழையும் எதிர்பார்க்கவில்லை. நாமும் அவனுக்கு அப்படியே இருக்க முடியும்.

உரிமையாளர்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் இலக்கிய வட்டங்களும் இந்த இளைஞர்களிடம் நடந்துகொள்ளும் விதம் என்ன? மதில் கட்டிய மேசனுக்குக் கூலி கொடுக்கிறோம். ஒலிபெருக்கி திருத்தியவருக்கும் கொடுக்கிறோம். இணையத்தளத்துக்கு மட்டும், “நன்மை கிடைக்குந்தானே தம்பி” என்று தோளில் தட்டுகிறோம். நன்மையை வழங்குபவன் அல்லாஹ். கூலியை வழங்க வேண்டியவர்கள் நாங்கள். ஒன்றைக் காட்டி மற்றதைத் தவிர்க்க முடியாது. இலவசமாகச் செய்து தருவதா என்பதைச் செய்பவனே தீர்மானிக்கட்டும்.

2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களையும் தாண்டி வந்த அலுவலகங்கள் இவை. வாடிக்கையாளர் பாக்கி வைப்பார், வாடகை ஏறும். இவர்களிடம் பெரிய தொகை கேட்பது தகாது. ஆனால் கைத்தொழிலால் அடைக்கக்கூடிய கடன் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. 2010இல் ‘.இலங்கை’ என்ற இணைய முகவரியும் வந்தது. இன்றும் எத்தனை இணையத்தளங்களில் தமிழ்ப் பக்கம் வெறுமையாக, அல்லது பிழைகளோடு கிடக்கிறது! பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஏற்றி, ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியவிட்ட பக்கங்களையும் கண்டிருக்கிறேன். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் கருவி அதில் என்னத்தை வாசிக்கும்? தான் கூலி வாங்கிச் செய்யும் பக்கத்தில் தமிழை ஒழுங்காக வைப்பதும், படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுவதும், தெருமுனைப் பாடசாலைப் பிள்ளைகள் இருவருக்கு மாதம் ஒரு சனிக்கிழமை மேசை கொடுப்பதும் எந்த அலுவலகத்தையும் வங்குரோத்தாக்காது. அந்தச் சனிக்கிழமைக்கு வரும் ஊழியனுக்கு உரிய கொடுப்பனவைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு படம் எடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் தங்களுக்குள்ளே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.